அப்பா அம்மாவை அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயம் ஒன்றுக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். முழுதாகப் பார்க்க எத்தனை மணி நேரம் ஆகும்?

பொதுவாக மூன்று, மூன்றரை மணி நேரம். ஆனால் அப்பா அம்மாவை நீங்கள் அழைத்துப் போக நினைப்பது மே கடைசியில் ஷார்லட்டில் நடக்கும் கோகோ-கோலா 600. அதற்கு இந்தக் கணக்கு போதாது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் தொடங்கி நாலு, நாலரை மணி நேரம் ஓடும். வீடு திரும்ப நள்ளிரவு ஆகும் என்று அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஃபார்முலா ஒன்னில் இரண்டு மணி நேரக் கெடு உண்டு. இங்கே தூரம்தான் கணக்கு: ஒன்றரை மைல் தடத்தில் 400 சுற்று. யாராவது மோதினால் மஞ்சள் கொடி விழும், எல்லாக் கார்களும் வரிசையாக ஊர்ந்து போகும். அந்தச் சுற்றுகளும் எண்ணிக்கையில் சேரும், நேரம்தான் கரையும். 1997 மே மாதம் டல்லடேகா என்ற இன்னொரு தடத்தில் ஒரு மஞ்சள் கொடிகூட விழவில்லை. மார்க் மார்ட்டின் 500 மைலை 2 மணி 39 நிமிடத்தில் முடித்துவிட்டார்.

நாங்கள் போன 2022 கோகோ-கோலா 600 அதற்கு நேர் எதிர். விபத்துக்கு மேல் விபத்து. முன்வரிசையில் இருந்ததால் புளியோதரை டப்பாவின் மூடியில் மிளகு தூவியது போல டயர் ரப்பர் துகள்கள். 390 சுற்று தாண்டியதும், "கூட்டம் கிளம்புவதற்குள் காரை எடுத்துவிடலாம்" என்று நண்பர் எழுந்துவிட்டார். பிடித்து உட்கார வைத்தேன். அப்புறம் பார்த்தால், இரண்டே சுற்று மிச்சம் இருக்கும்போது முதலிடத்துக்கு முட்டிக்கொண்டிருந்த சேஸ் பிரிஸ்கோவின் கார் சுழன்று நின்றது. மஞ்சள் கொடி, ஊர்ந்தபடியே பந்தயம் முடியக் கூடாது என்று கூடுதல் சுற்று. அதிலும் மோதல், மறுபடி கூடுதல் சுற்று. கடைசியில் 413 சுற்று ஓடி, டென்னி ஹாம்லின் ஜெயித்தபோது 5 மணி 13 நிமிடம் ஆகியிருந்தது. என் நண்பர் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

மழையையும் கணக்கில் வையுங்கள். இந்தத் தடம் ஈரமானால் ஓட்ட மாட்டார்கள். காயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2023இல் மழையால் பந்தயமே திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. 2024இல் 249 சுற்றோடு நிறுத்தி, முன்னால் இருந்த கிறிஸ்டோபர் பெல்லுக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார்கள். பாதித் தூரம் தாண்டிவிட்டதால் அது செல்லும். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே விடுமுறை என்பது நல்ல வசதி. திங்களன்று வேறு எதற்கும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

வயதானவர்களால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றால், பாதியில் கூட்டி வந்துவிடலாம். ஆனால் இரண்டாம் கட்டம், அதாவது பாதிப் பந்தயம், முடியும்வரை இருங்கள். எல்லாக் கார்களும் டயர் மாற்ற, பெட்ரோல் போட ஒதுங்கும் பிட் பாதைக்கு வந்து இன்ஜினை அணைத்து நிற்கும். போரில் இறந்த வீரர்களுக்காக அரங்கமே எழுந்து மௌனமாக நிற்கும். ஒவ்வொரு காரின் முன்கண்ணாடி மேலேயும் ஒரு வீரரின் பெயர் எழுதியிருக்கும். அதுவரை காதை அடைத்த சத்தம் சட்டென்று நிற்கிற அந்த அரை நிமிடத்தில், தூரத்தில் ஒரு குழந்தை அழுவதுகூட எனக்குக் கேட்டது.

அப்புறம், மூன்று பேருக்கும் காதடைப்பான் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் அரை மணி நேரம்கூடத் தாங்காது.