குயவன் கூடத்தில் ஓர் இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

டேனிஷ் எழுத்தாளர் கார்ல் கெல்லெரூப் 1917இல் நோபல் பரிசைத் தம் நாட்டவரான ஹென்ரிக் பொந்தொப்பிதானுடன் பகிர்ந்துகொண்டவர். இந்தியாவுக்கே வராமல், புத்தர் காலத்து இந்தியாவை வைத்து ‘யாத்ரிகன் காமநீதன்’ (1906) என்ற நாவலை எழுதியிருக்கிறார். அவருக்குப் பரிசு கிடைத்ததைச் சொந்த நாட்டிலேயே பெரிதாகக் கொண்டாடவில்லையாம். இவரை இன்று படிக்கத்தான் வேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தரின் உபதேசங்களைக் கொண்ட பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 140ஆவது சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும் சமயத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இந்தப் பதில். மற்றபடி, பரிசை வைத்து எழுத்தாளரை எடைபோடும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. போதகரின் மகனாகப் பிறந்து, இறையியல் படித்து, டேனிஷ் விமர்சகர் ஜார்ஜ் பிராண்டஸின் தாக்கத்தால் நாத்திகரான கெல்லெரூப், 1892இல் டிரெஸ்டனில் குடியேறி ஜெர்மன் மொழியில் எழுதலானார். அவரைத் தங்களவர் என்று கொண்டாட டேனியர்களுக்கு மனம் வரவில்லை. பொந்தொப்பிதான் இவரைவிடப் பெரிய நாவலாசிரியர் என்பதே என் எண்ணமும். அது வேறு பேச்சு.

‘இந்தியாவுக்கே வராமல்’ என்ற உங்கள் ஏளனம்தான் என்னைச் சீண்டியது. ராஜகிருகத்துக்குப் போய், வெந்நீர் ஊற்றில் குளித்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் நம்மில் எத்தனை பேருக்கு அவ்வூர்க் குயவன் கூடத்தில் நடந்ததாக அந்தச் சூத்திரம் சொல்வது தெரியும்? புத்தரைக் கண்ணால் காணாமலே அவரைக் குருவாக ஏற்றுத் துறவு பூண்ட புக்குசாதி அங்கே தங்கியிருக்கிறான். புத்தர் வந்து இடம் கேட்கிறார்; தாராளமாகத் தங்குங்கள் என்கிறான். அவர் புல்லைப் பரப்பி அமர்கிறார். உன் குருவைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்ற கேள்விக்கு, தெரியாது என்று ஒளிக்காமல் சொல்கிறான். பிறகு உபதேசத்தைக் கேட்டு முடித்ததும் ஆளை அறிந்து, ‘நண்பரே’ என்று அழைத்துவிட்டதற்காகக் காலில் விழுகிறான். துறவியர் சங்கத்தில் சேரப் பிச்சைப் பாத்திரமும் சீவரம் என்னும் துறவாடையும் தேடிப் போகையில் மாடு முட்டி இறக்கிறான்.

புக்குசாதியின் இடத்தில் உஜ்ஜயினி வணிகன் காமநீதனை வைத்து, இதைச் சுற்றி அவனுடைய காதல் கதையைப் பின்னினார் கெல்லெரூப். ஆனால் நாவலின் உயிர் அவர் செய்த வேறொரு மாற்றத்தில் இருக்கிறது. குயவன் கூடத்தில் தன் எதிரே இருப்பவர் யாரென்று காமநீதன் அறிவதே இல்லை. அழியாத பேரின்பத்தை நாடி வந்தவனுக்கு அவருடைய உபதேசம் பிடிக்கவில்லை. உண்மையான புத்தர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று முடிவுகட்டி, அவரைத் தேடி ஓடும் வழியில் மாடு முட்டிச் சாகிறான். சூத்திரத்தில் வருபவன் கொடுத்துவைத்தவன். இவனோ நம்மில் ஒருவன். இந்த மாற்றத்தைச் செய்யக் கப்பலேறி வர வேண்டிய தேவை இருக்கவில்லை. கார்ல் ஓய்கன் நோய்மனின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் பாலி நூல்களை ஊன்றிப் படித்ததே போதுமானதாக இருந்தது. தாய்லாந்து வாசகர்கள் இந்நாவலைத் தங்கள் மொழியின் செல்வமாகவே வைத்துப் போற்றுகிறார்கள். அவர்கள் யாரும் ஆசிரியரின் பயணச்சீட்டைக் கேட்கவில்லை.

குறை இல்லாமலில்லை. காமநீதன் இறந்தபின் வரும் சொர்க்கத்து அத்தியாயங்களில் தாமரைகள் அளவுக்கு மீறிப் பூக்கின்றன. உங்கள் துடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, தம்பி. அதற்கு ஈடாகப் படிப்பும் வேண்டும். முதலில் சூத்திரத்தைப் படியுங்கள், பிறகு நாவலை. அதன்பிறகும் புகார் இருந்தால் எழுதுங்கள்.