பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டாம். வங்கி வேலையை மட்டும் அதிலிருந்து இறக்கி வையுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினி 2016-இல் வாங்கியது. இன்டெல் ஐ3 ஆறாம் தலைமுறை, 8 ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதி பெறாது என்றும் சொல்கிறது. ஆனால் கணினியில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளின் பாடம், குடும்பப் புகைப்படங்கள், வங்கி வேலை, விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு பழைய கணக்கு மென்பொருள் எல்லாம் இதில்தான். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். எப்படியாவது விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். கணினியைத் தூக்கி எறியவும் வேண்டாம், முன்பு போலவே எல்லா வேலைக்கும் பயன்படுத்தவும் வேண்டாம். எந்த வேலையை அதில் விட்டுவைப்பது, எதை அதிலிருந்து எடுத்துவிடுவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிரிப்பதற்கு, நின்றுபோனது எது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. மறுநாளும் கணினி வழக்கம்போல்தான் ஓடியிருக்கும். நின்றவற்றுள் வீட்டுப் பயனாளருக்கு முக்கியமானது மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட். இயங்குதளத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பது அதன் வேலை. அது நின்றதால் புதிய ஓட்டைகள் உருவாகப் போவதில்லை. ஏற்கெனவே இருப்பவைதான், ஒவ்வொன்றாக வெளியாருக்குத் தெரியவரும்.

அது எப்படித் தெரியவருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு அப்டேட் வெளியிடுகிறது. விண்டோஸ் 11 அடியோடு புதிதாக எழுதப்பட்டதல்ல. அதன் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி விண்டோஸ் 10-இலும் இருப்பதுதான். தாக்குதல் நடத்துபவர்கள் அப்டேட்டுக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்த இடம் மாறியிருக்கிறது என்று கண்டுவிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடும். அதே ஓட்டை விண்டோஸ் 10-இல் அடைபடாமல் கிடக்கும். புதிய கணினியைக் காக்க வரும் அப்டேட்டே பழைய கணினியின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இதனால்தான் ஆதரவு முடிந்த முதல் மாதத்தில் அதிகம் தெரியாத ஆபத்து, ஓராண்டில் கனத்துவிடுகிறது.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைத்தொகை கேட்டு, 2017-இல் உலகைக் கலக்கிய வான்னாக்ரை தாக்குதல் இதற்கு நல்ல பாடம். அது பயன்படுத்திய ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதல் தொடங்கியது மே 12-இல். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. அப்டேட் போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன. யாரும் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானாகவே தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைகூடத் தடுமாறிப்போனது. 2014-லேயே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் அப்டேட் கொடுத்தது. அது விதிவிலக்கு, அதை நம்பிக் காத்திருக்க முடியாது. “நான் கண்டதை எல்லாம் அழுத்த மாட்டேன், எனக்கு ஒன்றும் ஆகாது” என்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வது.

வீட்டில் நிலைமை சற்று மேல். வெளியிலிருந்து தானாக வரும் தொடர்புகளை வை-ஃபை ரௌட்டர் பெரும்பாலும் உள்ளே விடாது. (அந்த ரௌட்டருக்கும் அதன் தயாரிப்பாளர் இன்னும் அப்டேட் தருகிறாரா என்று ஒருமுறை பாருங்கள். கணினிக்காகக் கவலைப்படுகிறவர்கள் மூலையில் தூசு படிந்து கிடக்கும் ரௌட்டரை மறந்துவிடுகிறார்கள்.) ஆகவே வீட்டுக் கணினிக்குள் ஆபத்து நுழையும் முக்கிய வழிகள் பிரவுசர், மின்னஞ்சலில் வரும் கோப்பு, பென் டிரைவ் ஆகியவைதான். அல்லது அதே வை-ஃபையில் இருக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன இன்னொரு கருவி.

இங்கே ஒரு மயக்கம் நேர்கிறது. விண்டோஸ் 10-இல் எட்ஜ் பிரவுசருக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் வைரஸ் பட்டியலும் அதே காலம்வரை புதுப்பிக்கப்படும். அன்றாடம் ஏதோ ஒன்று அப்டேட் ஆவதைப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பிரவுசர் புதிதாக இருப்பது நிச்சயமாக உதவும். ஆனால் பிரவுசர் தனியாக நிற்பதில்லை. ஒரு தீய இணையப் பக்கம் பிரவுசரில் உள்ள ஓட்டையைப் பிடித்தாலும், அதைச் சிறு வட்டத்துக்குள் அடைத்துவைப்பதற்கு இயங்குதளத்தின் உதவி வேண்டும். அதனால் தேர்ந்த தாக்குதல்களில் இரண்டு ஓட்டைகள் சேர்ந்தே வரும்: ஒன்று பிரவுசருக்குள் நுழைய, இன்னொன்று அங்கிருந்து வெளியேறிக் கணினி முழுவதையும் பிடிக்க. அந்த இரண்டாவதை அடைக்கும் அப்டேட்தான் உங்களுக்கு நின்றுபோயிருக்கிறது.

ஆன்டிவைரஸ் யோசனையில் உள்ள குறையும் இதுவே. அது கணினிக்குள் வரும் கோப்புகளையும் சந்தேகமான நடத்தையையும் கவனிக்கும். இயங்குதளத்தின் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. இயங்குதளத்தின் ஆழத்துக்குப் போய்விட்ட தீநிரல் (தீங்கு செய்யவென்றே எழுதப்பட்ட நிரல்) ஆன்டிவைரஸையே நிறுத்திவிடவும் கூடும். டிஃபெண்டரை அப்படியே விட்டுவையுங்கள். இதற்காகத் தனியாகக் காசு கொடுத்து இன்னொன்று வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இன்றே செய்ய வேண்டியது வேறு. மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனாளர்களுக்கும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அது 2026 அக்டோபர் 13 வரைக்குமானது. உங்கள் விண்டோஸ் 10 பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதன்கீழ் அபவுட் என்ற பகுதியில் பார்க்கலாம். பழைய பதிப்பாக இருந்தால் முதலில் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இதில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தேவை. கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. அது பிடிக்காதவர்கள் பணம் செலுத்தியும் சேரலாம். தாமதமாகச் சேர்ந்தாலும் அதுவரை விட்டுப்போன அப்டேட்டுகள் வந்துவிடும். ஆனால் சேரும்வரை கணினி திறந்தே கிடக்கும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். இது நிரந்தரத் தீர்வல்ல. நிதானமாக முடிவெடுக்கக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது நண்பரிடம் வருவோம். விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு, கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் வசதி, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி. உங்களுடையது ஆறாம் தலைமுறை. சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் இருப்பது உண்மைதான், அப்படி நிறுவிய பல கணினிகள் ஓடவும் செய்கின்றன. ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புக்கு மாறும்போது அதே சர்க்கஸை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். எதற்காக மாறுகிறோமோ அந்த அப்டேட்டே உறுதியில்லை என்றால், குடும்பம் முழுவதும் நம்பியிருக்கும் கணினியில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். நண்பர் கொண்டுவரும் நிறுவல் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். யாரோ திருத்திய விண்டோஸும், அதை இலவசமாக ‘ஆக்டிவேட்’ செய்வதாகச் சொல்லும் கருவிகளும் தீநிரல் குடியேறுவதற்குப் பேர்போனவை.

அப்டேட் அவகாசம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பணம் சம்பந்தப்பட்ட வேலையை இந்தக் கணினியிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். வங்கி, வரி, முதன்மை மின்னஞ்சல் மூன்றும். மின்னஞ்சலை ஏன் சேர்க்கிறேன் என்றால், மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி அதுதான். ஓ.டி.பி. இருக்கிறதே என்று நினைக்கலாம். நீங்கள் ஒருமுறை உள்நுழைந்ததும், மறுபடி கேட்காமல் இருக்க பிரவுசர் ஒரு சிறு அடையாளத் தகவலைச் சேமித்துவைக்கிறது. தகவல் திருடும் தீநிரல்கள் அதையே அப்படியே எடுத்துப் போய்விடும். அதை வைத்து, கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் இல்லாமலே பல கணக்குகளுக்குள் நுழைய முடியும். ஆகவே அந்தக் கணக்குகளில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை வேறு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிட்டு இங்கிருந்து அழித்துவிடுங்கள்.

வங்கி வேலையைக் கைபேசிக்கு மாற்றுவது பெரும்பாலோருக்கு எளிய வழி. அந்தக் கைபேசிக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்டேட் நின்று நாலு வருடமான கைபேசிக்கு மாற்றுவதில் எந்த லாபமும் இல்லை.

கணினியில் மிச்சமிருக்கும் வேலைகளுக்குச் சில அமைப்புகள் போதும். அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயமாக. வை-ஃபையைப் ‘பொது’ வலையமைப்பு என்று குறித்துக் கோப்புப் பகிர்வை நிறுத்துங்கள். ரௌட்டரில் விருந்தினர் வை-ஃபை வசதி இருந்தால் இந்தக் கணினியை அதில் சேர்த்துவிடலாம். தேவையில்லாத மென்பொருள்களை நீக்குங்கள். ஆஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் விண்டோஸ் 10-இன் அதே நாளில் ஆதரவு முடிந்துவிட்டது. அவை இருந்தால், அதே வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸுக்கு மாறுங்கள்.

புகைப்படங்களுக்கு அமைப்புகள் போதாது, நகல் வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கையும் பிணைத்தொகை கேட்கும் தீநிரல் பூட்டிவிடும். இணையச் சேமிப்பகத்தில் இன்னொரு நகல் இருந்தால் நல்லது. ஆனால் கணினியில் கெட்ட கோப்பு அங்கேயும் ஒத்திசைந்துவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நகலிலிருந்து இரண்டு படங்களை வேறு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே கணக்கில் எடுப்பதில்லை.

நீண்ட காலத்துக்கு என்ன செய்வது? 8 ஜி.பி. ரேம் உள்ள கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் தாராளமாகப் போதும். அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை இலவசமாகப் பாதுகாப்பு அப்டேட் வரும். தோற்றமும் விண்டோஸ் பழகியவரை மிரட்டாது. நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. வை-ஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேனர்கள்தான் சில சமயம் முரண்டு பிடிக்கும். பிள்ளைகளின் பாடம், காணொளி, மின்னஞ்சல், கடிதம் எழுதுவது எல்லாவற்றுக்கும் இதுவே என் முதல் பரிந்துரை. ஹார்ட் டிஸ்க் பழைய சுழலும் வகை என்றால், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டு நிறுவுங்கள்; வேகத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

சிக்கல் உங்கள் கணக்கு மென்பொருளில்தான். அது விண்டோஸ் இல்லாமல் ஓடாது என்றால் இரண்டு வழிகள். மென்பொருளைத் தயாரித்தவர்களிடம் புதிய பதிப்பு கேட்டு, வேறு கணினிக்கு மாறலாம். அல்லது இந்தக் கணினியைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு இணையத்திலிருந்து முற்றாகத் துண்டித்துவிடலாம்: வை-ஃபை கடவுச்சொல்லை மறக்கச் செய்து, கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இணையமில்லாத விண்டோஸ் 10 பல ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் போகும் ஒரே வழி பென் டிரைவாக இருக்கும் என்பதால், அதற்கென்று ஒன்றைத் தனியே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் அப்டேட் வரும் கணினியில் சோதித்த பிறகே செருகுங்கள். ‘தேவைப்படும்போது மட்டும் ஐந்து நிமிடம் இணைப்பேன்’ என்ற சலுகையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைப் படிப்பவர்களில் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். அதற்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. அங்கே அவகாசம் எதுவும் மிச்சமில்லை. லினக்ஸ், அல்லது இணையத் துண்டிப்பு.

‘உங்கள் விண்டோஸ் ஆதரவு முடிந்தது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று பிரவுசரில் ஒரு பக்கம் எகிறி வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. பக்கத்தை மூடுங்கள், மூடவில்லை என்றால் கணினியையே அணைத்துவிடுங்கள். யாரையும் தொலைவிலிருந்து உங்கள் திரையைக் கையாள விடாதீர்கள்.

என்றாவது இந்தக் கணினியை விற்கவோ கொடுக்கவோ முடிவு செய்தால், கோப்புகளை அழித்தால் போதாது. விண்டோஸின் ரீசெட் வசதியில் எல்லாவற்றையும் நீக்கி, டிஸ்க்கை முழுதாகத் துடைக்கும் தேர்வைச் சேர்த்துக் கொடுங்கள். அல்லது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுங்கள்.