கராஜ் தரைக்கு இன்டர்லொக் டைல்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஒன்றோடொன்று கோத்துப் போடும் பிளாஸ்டிக் டைல் பற்றித்தான் இம்முறை கேள்விகள் அதிகம். பசை வேண்டாம், சீமெந்து வேண்டாம், மேசன் பாஸைத் தேடி அலைய வேண்டாம், சனி ஞாயிறில் வேலை முடிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் விளம்பரப் படங்களில் வரும் கராஜ்கள் சமதரையில், காய்ந்த ஊரில் இருப்பவை. நம்முடையவற்றில் பாதி மலையை வெட்டிக் கட்டியவை. அதனால் சில பதில்களில் டைலைவிடச் சுவரைப் பற்றியும் கானைப் பற்றியும்தான் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஐயா, எங்கள் கராஜின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி இருக்கிறது. மே மாதம் மழை பிடித்தால் தரை காயவே காயாது. இந்த டைலைப் போட்டால் ஈரமே தெரியாது என்கிறார் கடைக்காரர். போடலாமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான், தெரியாது. ஈரம் அடியிலேயே இருக்கும், கண்ணுக்குத்தான் படாது. ஒரு மழைக்காலம் போனதும் கராஜைத் திறந்தால் பூஞ்சண வாடை அடிக்கும், டைலைத் தூக்கிப் பார்த்தால் கொங்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

முதலில் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுக்க விடுங்கள். 16 மணித்தியாலமாவது இருக்க வேண்டும். பிறகு எடுத்துப் பாருங்கள். பொலித்தீனின் அடிப்பக்கம் நனைந்திருந்தாலோ கொங்கிரீட் கறுத்திருந்தாலோ தண்ணீர் நிலத்திலிருந்து ஏறுகிறது. மேற்பக்கம் நனைந்து அடி காய்ந்திருந்தால் அது குளிர்ந்த தரையில் படிந்த பனிமூட்டத்து ஈரம். கதவில் இரண்டு காற்றுத் துவாரம் வைத்தாலே பாதி குறைந்துவிடும்.

இந்தச் சோதனையை உங்கள் ஊர் மழையில்தான் செய்ய வேண்டும். ஹட்டன், வட்டவளை, நாவலப்பிட்டிப் பக்கம் என்றால் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்கு மழையில். பதுளை, பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் பாருங்கள். காய்ந்த மாதத்தில் செய்துவிட்டு "எங்கள் தரை நல்ல தரை" என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

நிலத்து ஈரம்தான் என்றால் மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் போங்கள். அங்கே கான் இருக்கிறதா, இருந்தால் தூர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். தடுப்புச் சுவரில் வைத்த நீர்வடி குழாய்களில் பெரும்பாலும் வேரும் மண்ணும் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்திவிடுங்கள். கூரைப் பீலித் தண்ணீர் அந்த இடுக்கில்தான் விழுகிறது என்றால் அதைக் குழாய் வைத்துத் தூரமாகத் திருப்புங்கள். சுவரின் உட்பக்கம் மட்டும் நீர்காப்புப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் அதைத் தோல் தோலாக உரித்துவிடும்.

இவ்வளவும் செய்து, மீதி ஈரம் கொஞ்சம்தான் என்றால் டைல் போடலாம். அடியில் கால் கால் வைத்து, மேலே சல்லடைபோலத் துளை உள்ள பொலிப்ரொப்பிலீன் டைலாக வாங்குங்கள். அடியில் காற்று ஓடும், டயரில் வரும் மழைத்தண்ணீரும் இறங்கிவிடும். ஆனால் இறங்கிய தண்ணீர் வெளியே ஓடுவதற்குத் தரை வாசல் பக்கம் சரிந்திருக்க வேண்டும். அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது 18 அடி நீளத்துக்கு ஏறத்தாழ இரண்டேகால் அங்குலம் போதும். இடைவெளியில்லாமல் மூடிக்கொள்ளும் பி.வி.சி. டைல் உங்கள் தரைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். எத்தனை டைல் வாங்க வேண்டும்? (பண்டாரவளை வாசகி)

பதில்: ஓரடிச் சதுர டைல் என்றால் 180. வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 190 வாங்குங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து டைலை வரிசையாக வைத்தால் சுவருக்குச் சுவர் இறுக்கமாக முட்டும். அப்படி முட்டக்கூடாது (ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்). ஆகவே ஓரத்து வரிசையைச் சீவ வேண்டிவரும்.

அரை மீற்றர் சதுர டைல் என்றால் உங்கள் அகலத்துக்கு அருமையாகப் பொருந்தும். பத்தடி என்பது 3.05 மீற்றர். ஆறு டைல் 3 மீற்றர். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் மிஞ்சும். "அந்த இடைவெளியை என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே விடுங்கள். அதை நிரப்ப ஒரு விரல் அகலத் துண்டுகள் வெட்டிக் கோப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை ஒரு மாதத்தில் கழன்று வரும். நீளத்துக்கு 11 வரிசை, கடைசி வரிசையைப் பின்சுவர் பக்கம் வெட்ட வேண்டும். மொத்தம் 66, கையிருப்புக்கு நான்கு சேர்த்து 70.

வெட்டுவதற்கு முன் கராஜின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சதுரம் சரியாக இருந்தால் இரண்டும் 20 அடி 7 அங்குலத்துக்குக் கிட்டவாக வரும். நம் பக்கத்துப் பின்சுவர்கள் பாறை விட்ட வழியில் கட்டியவை, ஆதலால் ஒத்துவராவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். வாசலில் முழு டைலாகத் தொடங்கி, கோணலை எல்லாம் பின்னால் தள்ளிவிடுங்கள். அங்கே எப்படியும் பழைய டயரும் உரமூட்டையும்தான் இருக்கப் போகின்றன. அப்புறம், கொக்கியும் வளையமும் எல்லா டைலிலும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டால் அடுத்த வரிசை கோக்காது.

கேள்வி: ஜனவரியில் காலை வேளையில் டைல் போட்டோம். கோப்பதற்கே பெரும் பாடு. மத்தியானம் பார்த்தால் நடுவில் வயிறு மாதிரி எழும்பி நிற்கிறது. மட்டமான சாமானா? (நுவரெலியா வாசகர்)

பதில்: சாமானைக் குறை சொல்ல முடியாது. பொலிப்ரொப்பிலீன், ஒரு பாகை வெப்பம் கூடினால் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் நீளும். உங்கள் ஊரில் ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே 15 பாகை கூடிவிடுவது சாதாரணம். ஐந்தரை மீற்றர் தரை அப்போது எட்டு மில்லிமீற்றர் நீளும். சுவரோடு முட்டப் போட்டிருந்தால் நீள இடமில்லாமல் மேலேதான் எழும்பும்.

முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. ஒரு நீளப்பக்கமும் ஓர் அகலப்பக்கமும் ஓர வரிசையை எடுத்து, ஜிக்சோவால் சீவி, எல்லாப் பக்கமும் 10 மில்லிமீற்றராவது இடைவெளி வரும்படி நகர்த்திப் போடுங்கள். பாரமான இரும்பு அலுமாரியை டைலின் மேல் வைத்திருந்தால் அதையும் எடுங்கள். ஒரு முனையில் அலுமாரி, மறுமுனையில் கார் என்று இரண்டும் அழுத்திப் பிடித்தால் நடுப்பகுதி நகர வழியில்லாமல் மீண்டும் எழும்பும். அலுமாரி வெறும் கொங்கிரீட்டில் நிற்கட்டும், டைலை அதன் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பி.வி.சி. டைல் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளிரில் அது விறைத்துவிடும். முதல் நாளே வீட்டுக்குள் தட்டையாக அடுக்கி வைத்து, மறுநாள் பத்து மணிக்குப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். அடம்பிடிக்கும் ஓரத்தைச் சுடுதண்ணீரில் கொஞ்சம் நனைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினால் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: அண்ணே, என்னிடம் இருப்பது ஓட்டோ. சில்லு ஓடும் இடத்துக்கு மட்டும் டைல் போட்டால் காசு மிச்சம்தானே? (தலவாக்கலை வாசகர்)

பதில்: காருக்கு இரண்டு தடம், தம்பி. ஓட்டோவுக்கு மூன்று! மூன்று தடமும் போட்டால் நடுவில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதுவும் தனித்தனிப் பட்டியாகப் போட்ட டைல், நிறுத்திய இடத்திலேயே ஹேண்டிலைத் திருப்பும்போது முன்சில்லோடு சேர்ந்து திரும்பும். முழுதாகக் கோத்த தரைதான் அந்த முறுக்கைத் தாங்கும். காசுதான் யோசனை என்றால் பின்பக்கம் மூன்றடியை வெறுமனே விட்டுவிடுங்கள்.

கேள்வி: சாம்பல் நிற பி.வி.சி. டைலில் டயர் நிற்கும் நான்கு இடத்திலும் பழுப்புக் கறை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. (கண்டி வாசகி)

பதில்: போகாது அக்கா. அழுக்காக இருந்தால் சவர்க்காரத்துக்குப் போயிருக்கும். டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனம் மெல்ல மெல்ல பி.வி.சி.க்குள் ஊறி நிறம் மாறுகிறது. கறை பிடித்த டைல்களைக் கழற்றி அலமாரிப் பக்கத்துக்கு மாற்றுங்கள், டயர் நிற்கும் இடத்துக்குக் கறுப்பு டைல் போடுங்கள். மறைப்பதற்கு ரப்பர் பாய் விரித்துவிடாதீர்கள், அதுவும் இதே கறையைப் பிடிக்க வைக்கும்.

கேள்வி: பிள்ளைகள் விளையாடும் ஸ்பொஞ் டைல் மலிவாகக் கிடைக்கிறதே? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: வாகனத்துக்கு ஆகாது. நின்று வேலை செய்யும் மேசையடியில் போட்டுக்கொள்ளுங்கள், குளிர் காலில் ஏறாது.

கேள்வி: வெளியே போடும் இன்டர்லொக் கல்லையே கராஜுக்குள்ளும் போட்டால் என்ன? (கம்பளை வாசகர்)

பதில்: போடலாம், உறுதியானதுதான். ஆனால் காருக்குப் போடும் கல் 60 மில்லிமீற்றர் தடிப்பு, அதன் கீழே மணல் ஓர் அங்குலம். மூன்றங்குலத்துக்கு மேல் தரை உயரும். கதவு திறக்குமா, வாசல் மேடாகி மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்புமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டுபவருக்கு நல்லது, ஏற்கெனவே கொங்கிரீட் இருப்பவருக்கு வீண் வேலை.

கேள்வி: கராஜ் தரையில் கோணலாக ஒரு வெடிப்பு. போன வருடம் நகம் நுழையும் அளவு, இப்போது விரல் நுழைகிறது. டைல் போட்டால் மூடிவிடலாம்தானே? (பதுளை மாவட்ட வாசகர்)

பதில்: தயவுசெய்து மூட வேண்டாம். மயிரிழை வெடிப்பு எந்தக் கொங்கிரீட்டிலும் வரும், அதன் மேல் டைல் போடுவதில் தவறில்லை. வருடத்துக்கு வருடம் அகலிக்கும் வெடிப்பு வேறு. வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பி, அதன் மேல் கட்டிய கராஜ் என்றால் நிரப்பிய பக்கம் இறங்குகிறது என்று இருக்கலாம். மலைச்சரிவே நகர்கிறது என்றும் இருக்கலாம். மேட்டுப்பக்கம் நடந்து பாருங்கள். நிலத்தில் புதிய பிளவு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இறுகிப்போன கதவு ஜன்னல், திடீரென்று பொங்கும் கலங்கல் ஊற்று, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பரிசோதிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. பெருமழை நேரத்தில் வெடிப்பு பெரிதாவதைக் கண்டால் வீட்டிலிருந்து வெளியேறிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவு நடந்தது உங்கள் மாவட்டத்தில்தான். உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ரோடு மேலே, கராஜ் கீழே. மழை என்றால் ரோட்டுத் தண்ணீர் முழுக்க உள்ளே. (மஸ்கெலியா வாசகர்)

பதில்: வாசலுக்கு முன்னால் குறுக்காக நாலங்குலக் கான் வெட்டி, மேலே இரும்புக் கம்பி வலை போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் விடுங்கள். பக்கத்து வீட்டார் காணிக்குள் விட்டுவிடாதீர்கள், பிறகு அது வேறு கேள்வி-பதில் ஆகிவிடும். கான் ஒழுங்காக ஓடுகிறது என்று ஒரு மழையில் பார்த்த பிறகு டைல் வாங்கலாம்.

கேள்வி: டைல் மேல் ஜெக் வைக்கலாமா? சுத்தம் செய்வது எப்படி? (அப்புத்தளை வாசகர்)

பதில்: ஜெக்கின் கீழும் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டின் கீழும் ஒட்டுப்பலகைத் துண்டு வையுங்கள், பாரம் ஒரே புள்ளியில் இறங்காது. பிரேக் ஒயிலோ பெற்றோலோ சிந்தினால் உடனே துடையுங்கள். துளையுள்ள டைலின் அடியில் செம்மண் படியும். மழைக்கு முன் வருடத்துக்கு ஒருமுறை நான்கைந்து வரிசையாகக் கழற்றி, தரையைக் கூட்டிக் கழுவி, காய்ந்ததும் திரும்பக் கோத்துவிடுங்கள். கழற்றும்போது சோக்கட்டியால் அடியில் இலக்கம் போட்டுக்கொண்டால், வெட்டிய துண்டுகளைத் தேடி மண்டையை உடைக்க வேண்டியிருக்காது.