பிராட்ஹெட் கேள்விகளுக்கு ஏற்காட்டிலிருந்து பதில்கள்

எங்கள் வில்வித்தைக் குழுவில், பிராட்ஹெட் பற்றி ஒரு நாள் கேள்வி பதில் வைக்கலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். விஸ்கான்சினில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் பன்னிரண்டு சீசன் வில்லோடு மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். இப்போது நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு.

தெரியாதவர்களுக்கு: பிராட்ஹெட் என்பது அம்பின் நுனியில் திருகி மாட்டும் பிளேடு வைத்த வேட்டை முனை. பிளேடு இல்லாத பயிற்சி முனை ஃபீல்ட் பாயிண்ட். காம்பவுண்ட் என்பது கப்பி வைத்த வில், வில்லுக்குச் சொல்லும் பவுண்டு நாணை இழுக்க ஆகும் விசை. கிரெய்ன் என்பது அம்பையும் முனையையும் நிறுக்கும் சிறு எடை அலகு. கீழே வரும் வேட்டைப் பேச்சு முழுவதும், உரிமம் வாங்கி வேட்டையாட அனுமதி உள்ள ஊர்களுக்கு மட்டும். இந்தியாவுக்கு அல்ல. இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூர்க்காரர், இப்போது டல்லாஸில்: 60 பவுண்டு காம்பவுண்ட் வில் வாங்கியிருக்கிறேன். வெள்ளை வால் மானுக்கு முதல் சீசன். பிளேடு நிலையாக இருக்கும் ஃபிக்ஸ்டா, பட்டதும் விரியும் மெக்கானிக்கலா?

அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அடித்துச் சாய்ப்பதில்லை, அறுத்துத்தான் கொல்கிறது. இரண்டு நுரையீரலையும் அறுத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே போனால், மான் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் விழுந்துவிடும். மறுபக்கம் போவது ஏன் முக்கியம்? நீங்கள் மரத்தின் மேல் உட்கார்ந்து எய்கிறீர்கள். உள்ளே போகும் துளை விலாவின் மேல்பக்கம் விழும், வெளியே வரும் துளை கீழ்ப்பக்கம். தரையில் ரத்தம் சொட்டுவது கீழ்த்துளையிலிருந்துதான். அம்பு உள்ளேயே நின்றுவிட்டால் ரத்தமும் உள்ளேயே தேங்கும். தடம் இல்லாமல் இருட்டில் எங்கே தேடுவீர்கள்?

மெக்கானிக்கலின் பிளேடு பறக்கும்போது மடங்கியிருப்பதால் ஃபீல்ட் பாயிண்ட் போலவே போகும். பட்டதும் ஒன்றரை, இரண்டு அங்குலம் விரியும். படம் பார்க்க அருமை. ஆனால் விரிவதற்கும், அவ்வளவு அகலமாக அறுத்துக்கொண்டு போவதற்கும் ஆகும் சக்தி அம்பின் கணக்கிலிருந்துதான் கழியும். ஃபிக்ஸ்ட் முனை ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம்தான் அறுக்கும், ஆனால் ஆழமாகப் போகும். விரியுமா விரியாதா என்ற கவலையும் இல்லை.

உங்கள் வில்லுக்குக் கணக்குப் போடுவோம். அம்பின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் சக்தி வரும். 420 கிரெய்ன் அம்பு நொடிக்கு 250 அடி போனால் 58 சொச்சம். மானுக்கு 25 முதல் 41 வரை போதும் என்பது அம்புக்காரர்கள் வழக்கமாகப் போடும் அட்டவணை. ஆகவே உங்கள் வில்லுக்கு இரண்டுமே நடக்கும். டெக்சாஸ் விதியும் இரண்டையும் அனுமதிக்கிறது. குறைந்தது இரண்டு வெட்டு விளிம்பு, 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வருடாவருடம் விதிப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

பிறகு ஏன் முதல் சீசனுக்கு ஃபிக்ஸ்ட் என்கிறேன்? என் எட்டாவது சீசனில் மெக்கானிக்கல் போட்டேன். மான் என் பக்கம் பாதி திரும்பி நின்றது, கை அரித்தது, விட்டுவிட்டேன். தோள்பட்டை எலும்பில் பட்டு மூன்று நான்கு அங்குலத்தோடு நின்றது அம்பு. இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை. முனையை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அது எய்யவே கூடாத கோணம். ஆனால் அவசரப்படுவோம் என்று தெரிந்தால், அவசரத்தைக் கொஞ்சமாவது பொறுக்கும் முனையைப் போடுவதுதான் புத்தி. 100 கிரெய்ன், மூன்று பிளேடு, ஒன்றேகாலுக்கு உட்பட்ட அகலம். பக்கவாட்டில் நிற்கும் மானை, அல்லது நம்மைவிட்டுச் சற்று விலகிப் பார்க்கும் மானை மட்டும் எய்யுங்கள்.

அஸ்தம்பட்டி: எந்த பிராண்ட் பெஸ்ட்?

சவரம் செய்யும் அளவுக்குக் கூர்மையான பிராண்ட்.

மிச்சிகனில் இருக்கும் சேலத்துக்காரர்: ஃபீல்ட் பாயிண்ட் நடுவில் விழுகிறது. அதே 100 கிரெய்ன் பிராட்ஹெட் போட்டால் 30 கஜத்தில் ஆறு அங்குலம் இடப்பக்கம் போகிறது. முனையில் கோளாறா?

நல்ல கேள்வி. முனையில் கோளாறு இருக்கலாம். அம்பை உள்ளங்கையில் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள், நுனி தள்ளாடினால் அந்த முனையையோ தண்டையோ ஒதுக்கிவிடுங்கள். தள்ளாடவில்லை என்றால் கோளாறு வில்லில். அம்பு வில்லைவிட்டுக் கொஞ்சம் கோணலாகக் கிளம்புகிறது. ஃபீல்ட் பாயிண்டில் பின்னால் உள்ள இறகு அதை நேர்ப்படுத்தி மறைத்துவிடும். பிராட்ஹெட்டின் பிளேடோ முன்னால் வைத்த இறக்கை மாதிரி, கோணலைப் பிடித்து அம்பை அந்தப் பக்கமே இழுத்துப் போகும்.

குறி பார்க்கும் சைட்டைத் தொடாதீர்கள், எல்லோரும் செய்யும் தப்பு அது. அம்பு உட்காரும் ரெஸ்ட்டை 1/32 அங்குலம் வலப்பக்கம் நகர்த்துங்கள், அதாவது பிராட்ஹெட் விழுந்த இடத்திலிருந்து ஃபீல்ட் பாயிண்ட் விழுந்த இடத்தை நோக்கி. எய்து பாருங்கள், பிறகு இன்னொரு 1/32. இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை இதேதான். ஒரு சாயங்காலம் போகும். அந்த ஒரு சாயங்காலத்துக்குச் சோம்பிப் புது முனைக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

ஓமலூர்: மரவள்ளித் தோட்டத்தில் காட்டுப்பன்றி. எந்த முனை வாங்கலாம்?

எதுவும் வாங்கக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 9 வேட்டையைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025இல் அரசு வழி செய்தது உண்மைதான். ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள், நீங்களோ நானோ அல்ல. வனச்சரகர் அலுவலகத்தில் மனு கொடுத்து, பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேளுங்கள்.

ஏற்காடு, மஞ்சக்குட்டை: காட்டெருமைக்கு...

கேள்வியை முடிக்காதீர்கள். அட்டவணை ஒன்றில் இருக்கும் விலங்கு அது, மூன்று முதல் ஏழு வருடம் சிறை. என் காப்பிச் செடியையும்தான் மிதிக்கிறது, ஓரமாக நின்று வழிவிடுகிறேன்.

கொலராடோவில் இருக்கும் தம்பி: மனைவியின் வில் 42 பவுண்டுதான். அவள் எந்த முனை போடலாம்?

முதல் கேள்விக்குச் சொன்னதில் "இரண்டுமே நடக்கும்" என்ற பகுதி தங்கைக்குப் பொருந்தாது. மெக்கானிக்கல் வேண்டவே வேண்டாம். இரண்டு பிளேடு, நுனியிலேயே அறுக்கத் தொடங்கும் ஃபிக்ஸ்ட் முனை, சற்றுக் கனமான அம்பு. சிலவற்றில் நுனி உளிபோல முதலில் குத்தி, அப்புறம்தான் பிளேடு அறுக்கும். குறைந்த பவுண்டு வில்லுக்கு அந்தக் குத்துக்கே நிறைய சக்தி போய்விடும். தூரத்தை 20 கஜத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மானுக்குத் தாராளம். அதே வில்லோடு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள், வேண்டாம்.

ஃபேர்லேண்ட்ஸ்: பட்ஜெட்டில் நல்ல பிராண்ட் எது?

அஸ்தம்பட்டிக்காரருக்குச் சொன்னதே.

தாரமங்கலம்: கடையில் வாங்கிய முனையைத் தீட்ட வேண்டுமா?

பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு ரப்பர் பேண்டை விரல்களுக்கு இடையே லேசாக இழுத்துப் பிடித்து பிளேடைத் தொடவிடுங்கள். அழுத்தாமலே அறுந்தால் சரி. இழுத்து, நசுக்கி, அப்புறம் அறுந்தால் சாணை பிடிக்க வேண்டும். மழுங்கிய பிளேடு ரத்தக் குழாயைத் தள்ளிவிட்டுப் போகும், அறுக்காது. பழகிய முனையை வேட்டைக்குக் கொண்டு போகாதீர்கள், பழக ஒன்று, வேட்டைக்கு ஒன்று. மாட்டும்போது அதற்கான திருகியை வைத்து மாட்டுங்கள். நான் வெறும் விரலால் திருகி, கட்டைவிரலில் நாலு தையல் போட்டுக்கொண்டவன்.

செவ்வாய்பேட்டை ஆசிரியர்: கஞ்சமலை இரும்பில் நம் முன்னோர் செய்த அம்பு முனைக்கு முன்னால் இந்த அமெரிக்க பிளேடுகள் நிற்குமா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், நல்ல இரும்புத் தாது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டு சேலம் தாதுவைத்தான் உருக்கினார். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கொங்குப் பக்கம் மூசை என்ற மண்கலத்தில் வைத்து உருக்கு செய்திருக்கிறார்கள். கொடுமணல் அகழாய்வில் அதற்கான தடயம் உண்டு. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உருக்கை அம்பு முனைக்குச் செலவழித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அம்பு தொலைகிற பொருள். வாளுக்குப் போடுவதை யாராவது புதருக்குள் எறிவார்களா?

அதே ஆசிரியர்: ஊர்ப் பெருமையைக் குறைத்துப் பேசுகிறீர்கள்.

குறைக்கவில்லை ஐயா. கரிமம் ஒன்றரை சதவீதம் இருக்கும் உருக்கு கூர்மையை நன்றாகத் தாங்கும், ஆனால் மெல்லிய நுனியாக அடித்து எலும்பில் மோதவிட்டால் சில்லு தெறிக்கும். நம் கொல்லர்களுக்கு இது தெரியும் என்பதால்தான் நான் பெருமைப்படுகிறேன்.

ஒரு கொல்லர் வீட்டுப் பிள்ளை, லீ பஜார்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தாத்தா அரிவாள் அடிக்கும்போது உடம்புக்குப் பச்சிரும்பு, வாய்க்கு மட்டும் உருக்கு வைப்பார். தோய்ச்சலும் வாய்க்கு மட்டும்தான்.

அப்படிப் போடுங்கள்! ஆசிரியர் ஐயா, இதைப் படித்தீர்களா? இன்றைய பிராட்ஹெட்டைப் பிரித்துப் பாருங்கள். பலவற்றில் உடம்பு அலுமினியம், வாய்க்கு மட்டும் கடினமான ஸ்டீல் பிளேடு. தாத்தா வழிதான். தம்பி, தாத்தாவின் உலைக்களம் இன்னும் இருந்தால் சொல்லுங்கள், இறங்கி வருகிறேன்.

பொறியியல் மாணவர்: அப்படியானால் சேலம் உருக்காலைத் தகட்டில் பிளேடு செய்யலாமே?

பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத்தைச் சொல்கிறீர்கள் என்றால், முடியாது. அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் இறுகாது, அதன் கலவை அப்படி. துருப்பிடிக்காமல் சாம்பார் ஊற்றலாம், கூர் நிற்காது. பிளேடுக்கு 420 போல இறுகக்கூடிய ரகம் வேண்டும்.

ஆசிரியர், மூன்றாம் முறை: பழைய முனைகளில் பின்னோக்கிய கொக்கி இருக்கும். உங்கள் முனைகளில் அது ஏன் இல்லை?

இப்போது சரியான இடத்துக்கு வந்தீர்கள். கொக்கி போர் அம்புக்கு. பிடுங்கினால் சதையோடு வர வேண்டும் என்று வைப்பது. தர்மபுரிப் பக்கத்து நடுகற்களில் உடம்பில் அம்பு தைத்த வீரனைப் பார்த்திருப்பீர்கள். வேட்டையில் நோக்கமே வேறு. குறி தப்பி விலங்கு தப்பித்தால், அம்பு கழன்று விழுந்து அது பிழைக்க வழி இருக்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் கொக்கி முனையைத் தடை செய்திருப்பது இதனால்தான். உங்களோடு இன்னும் பேசலாம், ஆனால் பாக்கிக் கேள்விகள் காத்திருக்கின்றன.

மாண்டானாவிலிருந்து: எல்க்குக்கு 650 கிரெய்ன் அம்பு கட்டாயமா?

கட்டாயமில்லை. வேட்டை அம்புகளை ஆராய்ந்த எட் ஆஷ்பி பெரிய விலங்குகள் மேல் செய்து பார்த்த சோதனைகளிலிருந்து வந்த எண் அது. கனமான எலும்பை உடைக்க வேண்டிய இடத்துக்கு அது நியாயம். எல்க்குக்கு 450 முதல் 500 கிரெய்ன், உறுதியான ஃபிக்ஸ்ட் முனை, நேராகப் பறக்கும் அம்பு. குடலில் பட்டது என்று சந்தேகம் வந்தால் எட்டு மணி நேரமாவது தேடிப் போகாதீர்கள். துரத்தினால் படுத்த விலங்கு எழுந்து ஓடிவிடும்.

கல்லூரி மாணவி, அம்மாபேட்டை: கிளப் இலக்கில் பிராட்ஹெட் எய்து பார்க்கலாமா அண்ணா?

வேண்டாம்மா. இலக்கு கிழியும், பிடுங்கும்போது கையும் கிழியும். போட்டிகளில் அனுமதியும் இல்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில்லில் இருந்த ஐந்து தங்கமும் இந்தியாவுக்குத்தான் வந்தது, எல்லாம் சாதா முனையில்.

நியூ ஜெர்சியிலிருந்து: பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நண்பர்களுக்குக் காட்ட நாலு முனை கொண்டு வரட்டுமா?

எதற்கு? போட்டோ எடுத்து அனுப்புங்கள். இங்கே வந்தபின் அந்த நாலும் யார் கைக்குப் போகும், எந்தத் தோட்டத்து வேலிக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஓமலூர்க் கேள்வியைப் படித்தீர்கள் அல்லவா?

மீதி ஆறு கேள்விகள் இருக்கின்றன. ஆறும் எந்த பிராண்ட் என்றுதான்.