உறைப்பு எரிகிறதென்றால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கணவருக்கு 44 வயது. உழவு இயந்திரம் ஓட்டுகிறார். பல் தீட்டினால் முரசால் இரத்தம் வருகிறது என்று தீட்டுவதையே குறைத்துவிட்டார். வாயில் எந்நேரமும் வெற்றிலை, பாக்கு, புகையிலை, இடையில் சுருட்டு. இப்போது உறைப்புக் கறியும் எரிகிறதாம். "நோகேல்லைத்தானே, பிறகென்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, மாங்குளம்

பதில்: சகோதரி, நீங்கள் இரத்தத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எங்களுக்குப் பயம் தருவது கடைசியில் எழுதிய அந்த எரிவு.

பாக்கு உட்கன்னத்தின் மென்தோலை மெல்ல மெல்ல நாராக இறுக்கிவிடும். முதலில் உறைப்பு எரியும். பிறகு கன்னம் உள்ளே வெளிறும், வாய் திறப்பது குறையும். இறுகிய நார் திரும்ப இளகாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடிய நிலை இது. புகையிலையை விட்டு வெறும் பாக்கு போட்டாலும் தப்ப முடியாது. இலங்கை ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய்தான். தொடக்கத்தில் அது நோகாது. நோ வரட்டும் என்றிருப்பவர்கள் பிந்திப்போவது அதனால்தான்.

இன்றைக்கே அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக, மேல் கீழ் முன்பற்களுக்கிடையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் திறப்புக் குறைந்துவிட்டது. பிறகு ரோர்ச் அடித்து வெற்றிலையை அடக்கும் கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி எல்லாம் பாருங்கள். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கட்டி, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த எரிவுக்காகவே இந்தக் கிழமை கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அரச ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசு இல்லை.

இரத்தம் தீட்டுவதால் வருவதில்லை, பல்லடியில் தங்கிய ஊத்தையால் வருகிறது. தீட்டாமல் விட்டால் அது காறையாக இறுகும். பிறகு பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். மென்மையான பிரஷை முரசும் பல்லும் சேருமிடத்தில் 45 பாகை சாய்த்து, சின்னச் சின்னதாக அசைத்து, 2 நிமிடம் தீட்டட்டும். காலையில் ஒருமுறை, படுக்கமுதல் ஒருமுறை. பற்பசை கடலையளவு போதும். புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் என்று பெட்டியில் இருக்க வேண்டும். நுரையைத் துப்பினால் சரி, தண்ணீரால் அலசினால் புளோரைட்டும் போய்விடும். உமிக்கரி பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

சுருட்டு முரசுக்கு ஓடும் இரத்தத்தைக் குறைத்து நோயை மறைத்து வைக்கும். நிறுத்தியபின் சில கிழமைக்கு இரத்தம் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியலாம். அதைக் கண்டு திரும்பத் தொடங்க வேண்டாம். வயலில் வாய் கேட்கும்போது அடக்க ஏலக்காயோ பெருஞ்சீரகமோ மடியில் இருக்கட்டும். வெற்றிலையை அடக்கியபடி நித்திரை கொள்வதை இன்றிரவே நிறுத்த வேண்டும்.

நாளுக்கு எத்தனை வாய் வெற்றிலை, எத்தனை வருடப் பழக்கம் என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லட்டும். நீரிழிவு இருந்தால் முரசு நோய் லேசில் அடங்காது, ஆகவே இரத்தச் சீனியையும் அன்றே பார்த்துக்கொண்டு வாருங்கள்.