கிலோமீட்டருக்கு 10 சதவீதம் கூடுதல்: கம்பெனி மாறலாமா?

கேள்வி: ட்ரெய்லர் ஓட்ட ஆரம்பித்து 4 வருடம் ஆகிறது. இப்போது இருப்பது மூன்றாவது கம்பெனி, சேர்ந்து 14 மாதம். இங்கே லோடு ஏற்றி ஓடினாலும் காலியாக ஓடினாலும் கிலோமீட்டருக்கு ஒரே கூலி. வேறொரு கம்பெனியில் கிலோமீட்டருக்கு 10 சதவீதம் கூடுதலாகத் தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள். ஒரே இடத்தில் விசுவாசமாக இருப்பதா, மாறினால்தான் சம்பளம் ஏறுமா? அடிக்கடி மாறினால் பெயர் கெடுமா?

பதில்: விசுவாசத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கடைசி 3 மாத டிரிப் ஷீட்டுகளை எடுத்து நான்கு எண்களைக் கூட்டுங்கள்: லோடோடு ஓடிய கிலோமீட்டர், காலியாக ஓடியது, ஏற்றி இறக்கக் காத்திருந்த மணி, பிடித்தம் போக கைக்கு வந்த பணம். இவை இல்லாமல் 10 சதவீதம் கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், அதில் 2,200 காலி ஓட்டம் என்று வைப்போம். இப்போது 10,000-க்கும் கூலி வருகிறது. புதிய கம்பெனி லோடு ஓட்டத்துக்கு மட்டும் கொடுப்பதாக இருந்தால் 7,800 கிலோமீட்டருக்குத்தான் கணக்கு. அதை 10 சதவீதம் ஏற்றினாலும் உங்கள் இன்றைய கூலியில் 8,580 கிலோமீட்டருக்கு உரிய பணம்தான் வரும். மாதம் 1,420 கிலோமீட்டர் இனாமாக ஓடியதாக அர்த்தம். காலி ஓட்டம் மொத்தத்தில் 9 சதவீதத்தைத் தாண்டினாலே இந்த 10 சதவீதம் கரைந்துவிடும். ஆகவே முதல் கேள்வி ‘ரேட் என்ன’ என்பதல்ல; ‘காலி ஓட்டத்துக்கு உண்டா?’

அடுத்தது தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது. ஊருக்கு ஊர் வரைபடத் தூரத்தை வைத்துக் கொடுக்கும் இடத்தில், ஊரைச் சுற்றிப் போகும் பாதையும் லாரிக்குத் தடை உள்ள சாலையைத் தவிர்க்கும் சுற்றும் உங்கள் கணக்கில்தான் விழும். ஓடோமீட்டர்படி கொடுத்தால் அந்த நஷ்டம் இல்லை.

காத்திருப்பு இதைவிடப் பெரிய ஓட்டை. அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். இறக்கும் இடத்தில் 5 மணி நேரம் சும்மா நின்றால் பொதுவாக அந்த 14-இலிருந்துதான் கழியும். மிஞ்சுவது 9 மணி. இப்படி நேர வரம்பு உள்ள எந்த நாட்டிலும் கிலோமீட்டர் கூலிக்காரருக்குக் காத்திருப்பு என்றால் சம்பள வெட்டு. எத்தனை மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) தருவார்கள், அதைப் பார்ட்டி, அதாவது லோடு கொடுத்தவர், கொடுத்தால்தான் தருவார்களா, கொடுக்காவிட்டாலும் தருவார்களா என்று கேளுங்கள். டீசல் மிச்சத்துக்கு ஊக்கத்தொகை என்றால், இலக்கு எந்த வண்டியின் மைலேஜை வைத்துப் போட்டது என்பதும் முக்கியம். புது வண்டிக்கு வைத்த இலக்கைப் பழைய வண்டியில் எட்ட முடியாது.

இவ்வளவும் உங்களுக்குச் சாதகமாகவே இருந்தாலும் மாறுவதற்கென்று ஒரு விலை உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு மிஞ்சிய வண்டியும் மிஞ்சிய லோடும்தான். லோடு போடுகிறவருக்கு உங்களைத் தெரியாது. நேரத்துக்குப் போய்ச் சேர்வீர்களா என்று பார்த்த பிறகுதான் நல்ல ரூட் கைக்கு வரும். முதல் 2 மாதம் வருமானம் பழைய சம்பளத்தைவிட 20 சதவீதம் குறைந்தால், பிறகு மாதம் 10 சதவீதம் கூடுதல் வந்து அதை ஈடுகட்ட 4 மாதம் ஆகும். ஏழாவது மாதத்தில்தான் லாபமே தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறவர் ஒவ்வொரு தடவையும் ரேட்டை ஏற்றிக்கொண்டே போயும் கையில் ஒன்றும் சேராதது இதனால்தான்.

பெயர் கெடுமா என்றால், எண்ணிக்கையைவிட வரிசைதான் கண்ணில் படும். சின்ன லாரி, பிறகு ட்ரெய்லர், பிறகு டேங்கர் என்று ஏறியிருந்தால் 4 வருடத்தில் 3 கம்பெனி குறையே இல்லை. ஒரே மாதிரி வேலையில் மூன்று முறை நாலு நாலு மாதம் நின்றிருந்தால் ‘நம்மிடமும் அவ்வளவுதான்’ என்று முடிவு கட்டுவார்கள். மறைத்துப் பயனில்லை: அமெரிக்காவில் கனரக உரிமத்தோடு ஓட்டுபவர் விண்ணப்பத்தில் 10 ஆண்டு வேலை விவரம் எழுத வேண்டும், கடைசி 3 ஆண்டு முதலாளிகளிடம் புதிய கம்பெனியே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாத இடத்தில் ஒரு போன் கால் போதும்.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. பிரேக் கோளாறு என்று எழுதிக் கொடுத்த பிறகும் அதே வண்டியை எடுக்கச் சொல்வது, ஓட்டிய நேரத்தை மாற்றி எழுதச் சொல்வது, சம்பளத்தை இழுத்தடிப்பது: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மாதக் கணக்குப் பார்க்காதீர்கள், கிளம்புங்கள். விபத்து நடந்தால் சிக்கலில் மாட்டுவது உங்கள் உரிமம்தான்.

அந்த நிலை இல்லை என்றால் இருக்கும் இடத்திலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு ரேட்டை ஏற்றிவிட்டு, பழைய ஆட்களை மறந்துவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். விசுவாசத்துக்கு யாரும் தானாக வந்து காசு கொடுப்பதில்லை. ‘சம்பளம் ஏற்றுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். ‘2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் வேண்டும்’, ‘வாரம் இரண்டு நிரந்தர டிரிப் வேண்டும்’ என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வரும்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து: காலி ஓட்டத்துக்குக் கூலி உண்டு என்று எழுத்தில் தந்தால் போகலாம், வாய்ப்பேச்சு மட்டும் என்றால் வேண்டாம். பேசப் போகும் நாளில் யார்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முன் டயர் தேய்மான அடையாளம் வரை வந்திருக்கிறதா, சக்கரக் குடத்தைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, தீயணைப்பானில் தேதி முடிந்திருக்கிறதா? பராமரிப்புக்குச் செலவழிப்பவர்களா என்று இதிலேயே தெரியும். உங்களுக்குத் தரப்போகும் வண்டியை முன்பு ஓட்டியவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள். சேரும்போது தரும் போனஸை, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

மருத்துவப் பரிசோதனையும் ஓட்டிக் காட்டும் தேர்வும் முடிந்து, வேலை நியமன ஆர்டர் கைக்கு வந்த பிறகு இங்கே விலகல் கடிதம் கொடுங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் வண்டியை நடுவழியில் விட்டு இறங்காதீர்கள். அந்த ஒன்று போதும், அடுத்த வேலைக்குக் கதவு அடைபட. வண்டியை யார்டில் நிறுத்தி, நாலு மூலை, எல்லா டயர், ஓடோமீட்டர், டீசல் முள் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். சாவி, டீசல் கார்டு, ஸ்டெப்னி, ஜாக்கி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். இறுதி செட்டில்மெண்டில் ‘டயர் சேதம்’ என்று ஒரு பிடித்தம் வந்தால் காட்ட அதுதான் உங்கள் கையில் இருக்கும்.