போர் இயந்திரத்துக்கு அடி எங்கே பட்டது?

கேள்வி: ஆறு கால்களில் நடக்கும் கற்பனைப் போர் இயந்திரம் ஒன்றை வரைகிறேன். கீறல், துரு, குண்டுத் துளை எல்லாம் போட்டும் பொம்மை மாதிரியே தெரிகிறது. அதே இயந்திரம் எரிந்து கிடப்பதாகவும் ஒரு படம் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: காயங்களை உடல் முழுக்க ஒரே சீராகத் தூவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிஜ இயந்திரம் அப்படித் தேயாது. பென்சிலை எடுக்கும் முன் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எடை எவ்வளவு, எந்த மண்ணில் நடந்தது, ஆட்கள் எந்த வழியாக ஏறுகிறார்கள், கடைசியாக எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள். ஒவ்வொரு கீறலும் இதில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது தகட்டின் தடிமன். பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஓட்டிய டைகர் டாங்கில் முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர். அது கசங்காது, சுருங்காது. சாய்வாகப் பட்டுத் தெறித்த குண்டு நீளமாக ஒரு பள்ளத்தை உழுதுவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஆனால் அதே வண்டியின் மண்காப்புத் தகடு (மட்கார்டு) மெல்லியது. வளையும், கிழியும், தொங்கும். அசையாத கவசத்துக்குப் பக்கத்திலேயே கசங்கிய தகடு ஒன்றை வரைந்தால் எடை தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய டைகர் 131, இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீரங்கிக் குழாயின் அடியில் பட்ட குண்டு ஒன்று, சுழல் கோபுரம் உடலோடு சேரும் இடத்தில் போய் மாட்டிக்கொள்ள, கோபுரம் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. சுமார் 57 டன் வண்டியை முடக்கியதில் அந்தக் காயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் இயந்திரத்துக்கும் அப்படி ஒரே ஒரு பெரிய காயம் வையுங்கள், கால் மூட்டுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் நல்லது.

கால்களுக்கு என்னைக் கேட்டால் ஜேசிபியைவிட நல்ல ஆசான் கிடையாது. வாளியின் பற்கள் மண்ணில் உரசி வெள்ளியாக மின்னும். எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் ஹைட்ராலிக் தண்டு எப்போதும் பளபளப்பாகவே இருக்கும். அதில் துரு ஏறினால் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். மூட்டு ஊசிகளைச் சுற்றி கிரீஸும் தூசியும் சேர்ந்து கறுத்திருக்கும். பெயின்ட் போயிருப்பது ஆள் கால் வைக்கும் படியிலும் கை பிடிக்கும் கம்பியிலும்தான். ஒரு மணி நேரம் நின்று ஸ்கெட்ச் செய்யுங்கள்.

வரையும்போது முதலில் வெளிச்சம், நடுநிறம், நிழல் என்று மூன்றே தொனிகளில் உருவத்தை முடியுங்கள். கீறல்கள் கடைசியில், நிழல் வெளிச்சத்தைத் தொடும் எல்லையில் மட்டும். மூன்றில் ஒரு பங்கு பரப்பைத் தொடாமலே விட்டுவிடுங்கள். ஆள் நுழையும் மூடியின் அளவு சரியாக இருக்கட்டும், பார்ப்பவர் அதை வைத்துத்தான் உயரத்தைக் கணக்குப் போடுவார்.

சரி, எரிந்து கிடக்கும் படம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் துரு மெல்லிய படலம்தான். தீப்பிடித்த வண்டியில் பெயின்ட் போய், வெறும் இரும்பில் சில நாட்களிலேயே ஆரஞ்சு நிறம் ஏறிவிடும். வெப்பத்தில், உடலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கம்பிகளின் விறைப்பு போய்விடுவதால், எரிந்த டாங்குகள் பல உடல் தாழ்ந்து தரையோடு படுத்திருக்கும். உங்கள் இயந்திரத்திலும் தீ பட்ட பக்கத்துக் கால்கள் மூன்றை மட்டும் தளர விடுங்கள்.